சேற்றில் நிமிர்ந்து நிற்கும் படகு

இங்கிலாந்தின் தென்கிழக்கில், மெட்வே ஆறு தேம்ஸ் முகத்துவாரத்தோடு சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே, உப்புச் சதுப்புக்கு நடுவே நெளியும் ஒரு சிற்றோடையில் என் பாய்மரப் படகு கட்டப்பட்டிருக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு முறை அது மிதக்கும். இரண்டு முறை சேற்றில் அமரும். ஷியர்னஸ் துறையில், அமாவாசைக்கும் பறுவத்துக்கும் ஓரிரு நாள் கழித்து வரும் பெரும் பெருக்கில், கடல் ஐந்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. முழங்காலளவுக்கு மேல் ஏறி இறங்காத, யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, காலையில் கப்பல் போகுமளவு தண்ணீர் நின்ற இடத்தில் மாலையில் பறவைகள் நடந்து இரை தேடுவது முதல் ஆண்டு முழுவதும் நம்ப முடியாத காட்சியாகவே இருந்தது.

இந்தக் கரையில் எந்தப் படகை வைத்திருப்பது என்ற கேள்விக்கு அந்த ஐந்து மீட்டர்தான் விடை சொல்கிறது. பாய்மரப் படகின் அடிவயிற்றிலிருந்து நீருக்குள் இறங்கும் கனத்த இரும்புத் தகட்டை நம் கடலோரத்துச் சொல்லால் ஏரா என்று அழைக்கிறேன். காற்று பாயை ஒரு பக்கமாகத் தள்ளும்போது படகு கவிழாமல் எடை கொடுத்து நிறுத்துவதும், பக்கவாட்டில் வழுக்கிப் போகாமல் நீரைப் பற்றிக்கொள்வதும் அதன் வேலைகள். பெரும்பாலான படகுகளுக்கு நடுவில் ஒரே ஓர் ஆழமான ஏரா இருக்கும். அப்படிப்பட்ட படகின் அடியிலிருந்து தண்ணீர் வற்றினால் அது பக்கவாட்டில் சரிந்து படுத்துவிடும். மீண்டும் பெருக்கு வரும்போது, படகு நிமிர்வதற்கு முன்பே தண்ணீர் உள்ளே ஏறிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே அதற்கு எப்போதும் ஆழமுள்ள இடம் தேவை. இங்கே ஆழமுள்ள இடத்தின் வாடகை, என்னைப் போல மாதச் சம்பளத்தில் வாழ்பவர் ஆண்டுதோறும் கொடுக்கக்கூடியது அன்று.

என் படகுக்கு ஏரா இரண்டு. அது 1974இல் கட்டப்பட்ட வெஸ்டர்லி சென்டார். 26 அடி நீளமும் ஏறத்தாழ மூன்று தொன் எடையும் உள்ள படகு. நீருக்குக் கீழே அதற்கு வேண்டிய ஆழம் 90 சென்டிமீட்டர் மட்டுமே. லோரன்ட் ஜைல்ஸ் வடிவமைப்பு அலுவலகத்தில் வரையப்பட்ட இந்த வகை, 1969 முதல் 1980 வரை 2,400க்கு மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்தும் பிரித்தானியாவின் சேற்றுத் துறைகளில் இதைப் பார்க்காமல் நடக்க முடியாது. இதன் ஏராக்கள் நேராகக் கீழே இறங்காமல், நிற்பவரின் அகட்டிய கால்களைப் போல வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கின்றன. அதற்கு இரண்டு காரணங்கள். அகட்டி நின்றால் சேற்றில் நிலையாக நிற்கலாம் என்பது முதலாவது. காற்றில் படகு சாயும்போது காற்று ஒதுங்கும் பக்கத்து ஏரா செங்குத்தாகி நீரை இறுகப் பற்றும் என்பது மற்றது. ஒரே வடிவம் நிற்பதற்கும் ஓடுவதற்கும் உதவும்படி யாரோ ஒருவர் மேசையில் அமர்ந்து யோசித்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருகிறது.

படகை 3,200 பவுணுக்கு வாங்கினேன். விலையைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. முதல் மூன்று ஆண்டுகளில் அதன் மேல் செலவழித்தது விலையைப் போல இரு மடங்கு. வாங்குவதற்கு முன்பு ஒரு மதிப்பீட்டாளரை அழைத்து வந்தேன். அவர் சிறு பிளாஸ்டிக் சுத்தியலால் படகின் உடலை ஓரங்குலம் விடாமல் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் தட்டினால் கூர்மையான ஒலி எழும். கண்ணாடியிழை அடுக்குகள் உள்ளே பிரிந்திருந்தால் ஒலி மந்தமாகும். மண்பானை வாங்குபவர் விரலால் தட்டிக் கேட்பதைப் போன்றதுதான். இரண்டு மணி நேரத்தின் பின்பு, உடல் உறுதியானது, அடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற இரண்டு செய்திகளை மட்டும் சொன்னார். அக்காலத்தில் கண்ணாடியிழையைத் தடிப்பாகப் போட்டார்கள். இந்தப் படகுகள் இன்றும் இருப்பதற்கு அது ஒரு முக்கிய காரணம். ஆனால் தடித்த உடலும் வளையும். எங்கே வளைகிறது என்பதை அறிவதுதான் பழைய படகை வைத்திருப்பவரின் முதல் கடமை என்று நான் எண்ணுகிறேன்.

இரட்டை ஏராப் படகு எங்கே வளையும் என்பதைத் தாளில் ஒரு கோடு போட்டாலே கண்டுகொள்ளலாம். மூன்று தொன் எடையும் சேற்றில் அமரும்போது அந்தச் சுமை இரண்டு ஏராக்கள் வழியாகக் கீழே போகிறது. அவை வெளிப்பக்கமாகச் சரிந்திருப்பதால், மேலும் விலகவே முயல்கின்றன. அவற்றின் வேர்களுக்கு இடையே உள்ள அடித்தளம் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் வந்து படகு மிதந்தவுடன், ஒவ்வொன்றும் 600 கிலோவுக்கு மேற்பட்ட வார்ப்பிரும்பு அடியிலிருந்து தொங்கத் தொடங்குகிறது. வளைவு திசை மாறுகிறது. சேற்றில் கட்டப்படும் படகுக்கு இது ஆண்டுக்கு ஏறத்தாழ 700 முறை நடக்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று சிறுவர்களுக்கும் தெரியும். மென்சேற்றில் மெதுவாக அமரும் படகுக்கு அந்த மடிப்பு மிகச் சிறிது; அலை அடிக்கும் கடினமான மணலில் மேலும் கீழும் இடிபடும் படகுக்கு அது பெரிது.

முதல் குளிர்காலத்தில் படகைப் பாரந்தூக்கியால் கரைக்கு ஏற்றி, உள்ளே தரைப் பலகைகளைக் கழற்றினேன். ஏராக்களைப் பிடித்திருந்த நட்டுகளைச் சுற்றி, கண்ணாடியில் கல் பட்டது போன்ற மயிரிழைக் கீறல்கள் நட்சத்திர வடிவில் ஓடியிருந்தன. எனக்கு முன்பு வைத்திருந்தவர்களில் ஒருவர் இந்த இடத்தை வலுப்படுத்தியிருக்கிறார். குறுக்கே மரக்கட்டைகளை வைத்து, மேலே கண்ணாடியிழையைப் போர்த்தி மூடியிருக்கிறார். நல்ல எண்ணத்தோடு செய்த வேலை. ஆனால் போர்வையின் ஓரத்தில் ஒரு சிறு திறப்பு இருந்திருக்கிறது. அதன் வழியே அடிக்குழித் தண்ணீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல், மரத்தை உள்ளேயே உக்க வைத்துவிட்டது. உளியால் ஒரு கட்டையைத் திறந்தபோது, தேங்காய்ப்பூ போல ஈரமான மரத்தூள் கையோடு வந்தது. வெளியே பார்க்க வலுவான குறுக்குச்சட்டம்; உள்ளே ஒன்றுமில்லை.

அவற்றை முழுவதும் வெட்டி எடுத்தேன். பழைய கண்ணாடியிழையை அதன் நார் தெரியும்வரை அரைத்து, படகை மூன்று வாரம் சூடாக்கியும் காற்றோட்டம் கொடுத்தும் உலர்த்தினேன். பழைய படகுகளைத் திருத்தப் புகும் எவருக்கும் இந்தக் கட்டத்தில் அவசரம் வரும். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. ஈரத்தின் மேல் ஒட்டியது ஒட்டாது. பிறகு, நீரை உறிஞ்சாத நுரைத்துண்டுகளை அச்சாக வைத்து, ஒரு ஏராவின் வேரிலிருந்து மறு ஏராவின் வேர்வரை குறுக்குவிலா எலும்புகளைப் போல எபொக்ஸிப் பிசினும் கண்ணாடியிழைத் துணியுமாக அடுக்கடுக்காகக் கட்டினேன். கெட்டியாகிவிட்ட பழைய பரப்பில் புதிதாக ஒட்டுவதற்குப் பாலியஸ்டர் பிசினைவிட எபொக்ஸி மிகவும் ஏற்றது. ஆனால் அதற்குச் சூடு வேண்டும்; பத்துப் பாகைக்குக் கீழே அது இறுக மறுக்கும். இறுகியபின் மேலே மெழுகு போன்ற ஒரு படலத்தையும் விட்டுவிடும். அதைத் தண்ணீரால் கழுவித் தேய்க்காமல் அடுத்த அடுக்கைப் போட்டால், இரண்டு அடுக்குகளும் அயலவர்களாகவே இருந்துவிடும். தை மாதக் குளிரில், படகுக்குள் சிறு மின்சூடாக்கியை வைத்து, ஆறு வார இறுதிகளில் ஏழு விலாக்களைக் கட்டி முடித்தேன். பிறகு ஏராக்களை ஒவ்வொன்றாக இறக்கி, போல்ட்டுகளை மாற்றி, நட்டுகளின் கீழே பெரிய எஃகுத் தகடுகளை வைத்து, ஒட்டுப்பசையோடு மீண்டும் இறுக்கினோம். இந்தக் கடைசி வேலையைத் தனியாளாகச் செய்ய முடியாது. படகுத்துறையில் எனக்கு அடுத்த படகின் உரிமையாளரான ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியாளர் ஒருவர் இரண்டு நாள் என்னோடு நின்றார். கூலி கேட்கவில்லை. அடுத்த வசந்தத்தில் அவருடைய பாய்மரத்தை ஏற்ற நான் போனேன்.

ஏராவுக்கு அடுத்தபடியாக என் தூக்கத்தைக் கெடுத்தவை நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள துளைகள். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் உள்ளே வரவும், கழிவு வெளியே போகவும் படகின் உடலில் துளையிட்டு வால்வுகள் பொருத்தியிருப்பார்கள். என் படகில் அவை நான்கு. அவற்றில் இரண்டு பித்தளை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். உப்புநீர் ஆண்டுக்கணக்கில் அதிலிருந்து துத்தநாகத்தை மட்டும் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது, வடிவம் மாறாத, ஆனால் வலுவில்லாத, துளைத்துளையான செம்பு. மஞ்சளாக இருக்க வேண்டிய உலோகத்தைச் சுரண்டிப் பார்க்கும்போது இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது என்று பொருள். நான் ஒன்றைச் சுத்தியலின் பிடியால் தட்டினேன். கழுத்தோடு உடைந்து கையில் விழுந்தது. படகு கரையில் இருந்தது. நாற்பது மில்லிமீட்டர் அகலமான ஒரு துளை, நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே திறந்துகொண்டால், நிமிடத்துக்கு 100 லீட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே பாயும். கையால் இறைக்கும் பம்பு அதற்கு ஈடுகொடுக்காது. நான்கையும் வெண்கல வால்வுகளாக மாற்றினேன். ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் அந்தத் துளைக்குச் சரியாகப் பொருந்தும் கூம்பு வடிவ மர அடைப்பான் ஒன்றைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். படகைப் பார்க்க வருபவர்கள் அவற்றை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். நான் இருட்டில் கையால் தடவி அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

சாளரங்களின் ரப்பர், உட்கூரையில் தொங்கிப்போன துணி, மின்கம்பிகள், பாய்மரத்தைப் பிடித்திருக்கும் எஃகுக் கம்பிகள் ஆகிய எல்லாமே அதன்பின் முறைவைத்து வந்தன. அவற்றை இங்கே விரிக்கவில்லை. எஃகுக் கம்பிகளைப் பற்றி மட்டும் ஒரு சொல்: வெளியே பளபளக்கும் கம்பி, முனையில் அழுத்திப் பொருத்திய குழாய்க்குள்ளே வெடித்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. பத்தாண்டு கடந்த கம்பியை மாற்றச் சொல்லிப் பல காப்புறுதி நிறுவனங்கள் கேட்பது நியாயமே.

இவ்வளவு செய்து கடலுக்குப் போனால் படகு எப்படி ஓடுகிறது என்று கேட்பார்கள். மெதுவாக ஓடுகிறது. நீரைத் தொடும் நீளம் ஆறரை மீட்டர் உள்ள படகு தன் அலையைத் தாண்டி ஓட முடியாது. அதன் உச்சவேகம் மணிக்கு ஆறு கடல் மைலைச் சற்றே தாண்டும். சாதாரண நாளில் நான்கு, நான்கரை. புதிய படகுகள் காற்று வரும் திசைக்கு 45 பாகை வரை நெருங்கி ஏறுகின்றன. எனது படகு 55 பாகையைவிட நெருங்கினால் பாய் படபடத்து நின்றுவிடுகிறது. ஆகவே காற்று எதிரே இருந்தால், நான் மற்றவர்களைவிட அதிக தூரம் குறுக்கும் மறுக்குமாக ஓட வேண்டும். இந்தக் குறையை ஈடுசெய்ய இந்தக் கரையில் ஒரே வழி, வற்றுப்பெருக்கின் நீரோட்டத்தோடு சேர்ந்து போவது. மெட்வே வாயில் நீரோட்டம் மணிக்கு இரண்டு, மூன்று கடல் மைல் வேகத்தில் ஓடும். அது கூட வந்தால் என் நான்கு ஏழாகும். எதிர்த்தால் நான்கு ஒன்றாகும். காலை எட்டு மணிக்குப் புறப்படலாம் என்று நான் முடிவுசெய்ய முடியாது. அட்டவணையில் நிலா முடிவுசெய்திருக்கும் நேரம் அதிகாலை 4.20 என்றால் 4.20தான்.

காற்றும் நீரோட்டமும் ஒரே திசையில் போகும்போது தேம்ஸ் வாய் சாதுவானது. ஒன்றையொன்று எதிர்க்கும்போது, அதே காற்றில், குட்டையான செங்குத்து அலைகள் எழுந்து படகின் முகத்தில் அறையும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாளில் உள்ளே பெருக்கு ஏறும்போது வெளியே போகக்கூடாது என்பதை நான் ஒரே ஒரு நாளில் கற்றுக்கொண்டேன். கச்சான் என்று எழுதுவது பழக்கத்தால் மட்டும் அன்று. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற பெயர்களோடு வளர்ந்தவருக்குக் காற்று என்பது ஒரு திசையும் ஒரு குணமும் சேர்ந்தது. இங்கே வானொலியில் காற்று தென்மேற்கு, வலு ஐந்து என்று கேட்டவுடன், மனம் அதற்கு ஒரு முகத்தைத் தேடுகிறது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல் 1938இல் அத்லாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த கதையை எங்கள் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கப்பலின் மரத்தையும் என் படகின் கண்ணாடியிழையையும் ஒப்பிட நான் துணியமாட்டேன். ஆயினும் பாயை இழுத்துக் கட்டும்போது அந்தப் பெயர் நினைவுக்கு வருகிறது.

என் ஓடையிலிருந்து வெளியே வந்து கிழக்கே திரும்பினால், ஷியர்னஸுக்கு எதிரே, 1944 ஆகஸ்டில் தரைதட்டி உடைந்த ரிச்சர்ட் மொன்ட்கோமரி என்ற சரக்குக் கப்பல் கிடக்கிறது. ஏறத்தாழ 1,400 தொன் வெடிபொருள் இன்னும் அதற்குள் இருக்கிறது. சுற்றிலும் மிதவைகளிட்டுத் தடைசெய்த பகுதிக்கு வெளியே, நீரோட்டம் என்னை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை நிமிடத்துக்கொரு முறை பார்த்தபடி கடந்துபோவேன். இன்னும் கிழக்கே ரெட் சாண்ட்ஸ் மணல்திட்டில், 1943இல் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்காக நிறுவிய ஏழு கோபுரங்கள், கடலுக்கு நடுவே துருப்பிடித்த கால்களோடு நிற்கின்றன. போகவும் வரவும் ஒரு முழு வற்றும் ஒரு முழுப் பெருக்கும் எனக்கு வேண்டும். வேகமான படகில் போன நண்பர் மதிய உணவுக்கு வீடு திரும்பியதாகச் சொன்னார்.

ஆனால் அந்த நண்பர் போக முடியாத இடங்களுக்கு நான் போகிறேன். ஷெப்பி தீவைப் பெருநிலத்திலிருந்து பிரிக்கும் ஸ்வேல் என்ற ஒடுங்கிய கால்வாய் அதில் ஒன்று. ரயிலும் வாகனங்களும் ஓடும் கிங்ஸ்ஃபெரி பாலத்தை வானொலியில் அழைத்தால், ரயில் இல்லாத இடைவெளியில் அதன் நடுப்பகுதியை மின்தூக்கியைப் போல நிமிர்வாக மேலே உயர்த்தி வழிவிடுவார்கள். அதைத் தாண்டியபின் கால்வாய் ஆழங்குறைகிறது. இதன் விந்தை என்னவென்றால், பெருக்கு இரண்டு வாய்களிலிருந்தும் உள்ளே வந்து நடுவில் சந்திக்கிறது. ஆகவே முதல் பாதிக்கு உள்ளே வரும் நீரோடு போய், சந்திக்கும் இடத்தில் உச்சநீர் வேளையில் நின்று, திரும்பும் நீரோடு மறுபக்கம் இறங்கலாம். கணக்குச் சரியாக இருந்தால் முழு வழியும் நீர் நம்மைச் சுமக்கும். கணக்குப் பிழைத்தால் நடுவே சேற்றில் அமர வேண்டும். ஒற்றை ஏராப் படகுக்கு அது விபத்து. எனக்கு அது ஆறேழு மணி நேர ஓய்வு. இரண்டு முறை அப்படி அமர்ந்திருக்கிறேன், இரண்டாம் முறை ஒரு முழுப் புத்தகத்தையும் படித்து முடித்தேன்.

வேண்டுமென்றே அமரும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. வற்றும் நீரில் அமர வேண்டும். ஏறும் நீரில் முட்டிக்கொண்டால் அலை இடித்துக்கொண்டே இருக்கும். அமாவாசை, பறுவத்து உச்சநீரில் கரைக்கு மிக அருகே அமரக்கூடாது. அடுத்தடுத்த பெருக்குகள் குறைந்துகொண்டே போனால் இரண்டு வாரம் அங்கேயே இருக்க நேரும். முன்கூட்டியே அந்த இடத்தை வற்றிய வேளையில் ஒருமுறை கண்ணால் பார்த்திருப்பது நல்லது. சேற்றுக்கடியில் ஒரு பழைய நங்கூரமோ உடைந்த தூணோ இருந்தால், அது இரண்டு ஏராக்களுக்கும் இடையே படகின் வயிற்றைக் குத்தும்.

போன புரட்டாதியில் மகளோடு ஸ்டேன்கேட் ஓடைக்குப் போனேன். நோய்த்தொற்று அஞ்சி, வெளிநாட்டுக் கப்பல்களை நாற்பது நாள் நிறுத்திவைக்க ஒரு காலத்தில் பயன்படுத்திய ஓடை அது. இன்று பறவைகளையும் சில படகுகளையும் தவிர ஒருவரும் இல்லை. ஆழமான நடுவை மற்றவர்களுக்கு விட்டு, ஓரத்துச் சேற்றின் மேல் நங்கூரத்தை இறக்கினோம். இரவு பத்து மணியளவில் தண்ணீர் வடியத் தொடங்கியது. மகள் விளக்கை அணைத்துவிட்டுத் தரைப் பலகையில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள். முதலில் ஒரு மெல்லிய உரசல். பிறகு படகு ஒரு பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்து, மீண்டும் நேரானது.

"அப்பா, வலப்பக்கம் முட்டீட்டுது," என்றாள். சற்று நேரத்தில், "இப்ப மற்றதும்."

நான் தரைப் பலகையைத் தூக்கி, கைவிளக்கோடு ஏழு விலாக்களையும் நட்டுகளையும் பார்த்தேன். எல்லாம் உலர்ந்திருந்தன. வெளியே தண்ணீர் போன சேற்றில் நண்டுகளும் புழுக்களும் எழுப்பும் சிறுசிறு வெடிப்பொலி ஓடை முழுவதும் பரவியிருந்தது. பெருக்கு அதிகாலை மூன்றரைக்குத் திரும்பும் என்று அட்டவணையில் இருந்தது. மூன்று மணிக்கு மணி ஒலிக்கும்படி வைத்துவிட்டு, தேநீருக்குத் தண்ணீரைப் போத்தலில் நிரப்பி, இருவரும் படுத்தோம்.